குனிஞ்சு எடு பொட்டிக்

"இது மூட்டைத் துணியே இல்ல. என்னை ஏமாத்திட்டீங்க!"

கையிலிருந்த கவுனை உதறிக் காட்டிக் கத்தினாள் லுயாண்டோ. சண்டை போட்டுப் பழக்கமில்லாதவள். முதுகில் சித்தெங்கே துணியில் கட்டியிருந்த பிள்ளைகூட அம்மாவின் சத்தத்தில் விழித்துக்கொண்டது.

லுசாகா சந்தையில் முவிலா அம்மாவின் கடை என்றால், தரையில் ஒரு தார்ப்பாய், அதன்மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் மூட்டை மூட்டையாக வரும் பழைய துணி, மலைபோல. அவ்வளவுதான். ஆனால் பின்னால் இருக்கும் பலகையில், பணக்காரர்களின் நாகரிகத் துணிக்கடை மாதிரி, பெரிதாக எழுதியிருக்கும்: 'குனிஞ்சு எடு பொட்டிக்'.

"மெதுவாப் பேசு தாயி. பொட்டிக்குக்கு வர்ற பெரிய மனுஷங்க பயந்துடப் போறாங்க" என்றாள் முவிலா அம்மா.

பக்கத்தில் தக்காளி விற்பவள் சிரித்தாள். லுயாண்டோ சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குச் சேர வேண்டும். பெரிய மாலில் கண்ணாடிக் கதவு போட்ட நிஜ பொட்டிக். "கருநீலக் கவுன் போட்டுக்கிட்டு வா. இல்லேன்னா வராதே" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். முந்தாநாள் வரை மூன்று நாளாக இந்த மலையைக் குனிந்து குனிந்து கிளறியும் கருநீலம் கிடைக்கவில்லை.

புதன்கிழமையே முவிலா அம்மா கேட்டாள். "எங்க வீட்ல ஒண்ணு சும்மா கெடக்கு. எடுத்துக்கறியா?"

"வேணாம்மா. ஊர்ல இருக்கறவங்க போட்டுக் கழிச்சத நான் போட மாட்டேன். நாளைக்கு நாலு பேர் நடுவுல 'அது என்னோடது'ம்பாங்க."

"அப்ப, வெள்ளக்காரி போட்டுக் கழிச்சது?"

"அவ இங்க வந்து கேக்கவா போறா?"

அன்றைக்கு முவிலா அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

நேற்று குவியலுக்குள் கையை விட்டதுமே கருநீலக் கவுன் ஒன்று வந்தது. ஒரே கசங்கல். கசங்கியிருந்தால்தான் கப்பல் மூட்டையிலிருந்து நேராக வந்த துணி. மடிப்புக் கலையாமல் இருந்தால் உள்ளூரில் யாரோ போட்டது. லுயாண்டோ போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் இஸ்திரி போடத் திருப்பியபோதுதான் உள்தையல் கண்ணில் பட்டது. இன்று விடிந்ததும் சந்தைக்கு ஓடி வந்துவிட்டாள்.

"உள்ள பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரு சாண் துணிய மடிச்சு, புது நூல்ல தைச்சிருக்கு! இந்த ஊர்ல எந்தக் குண்டச்சியோ போட்டுக் கழிச்சது. அதக் கசக்கி, மூட்டைத் துணின்னு என் தலையில கட்டிட்டீங்க."

தக்காளிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முவிலா அம்மா தன் பெருத்த இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். "ஆமா தாயி. குண்டச்சிதான். மேல ஏறி உக்காந்துதான் கசக்குனேன். தப்புதான், மன்னிச்சுக்கோ. வேணாம்னா குடு, காசத் தந்துடறேன்."

லுயாண்டோ கவுனை நீட்டினாள். பாதியிலேயே கை நின்றது. திங்கட்கிழமைக்கு வேறு என்ன இருக்கிறது?

"வேற வழியில்ல, போட்டுத் தொலைக்கறேன். ஆனா இனிமே உங்க கடைப் பக்கம் வர மாட்டேன்."

"வராதேயேன். உனக்குத்தான் ஏசி பொட்டிக் கெடைச்சாச்சே!"

திங்கட்கிழமை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். முதலாளியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே வந்து காலரைத் தொட்டாள்.

"இது நம்ம கடைச் சரக்காச்சே! உனக்கு எப்படிக் கெடைச்சுது?"

வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டாள் லுயாண்டோ. "ச... சந்தையில மேடம்."

"சந்தையிலயா? போன மாசம் பெரிய சைஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. ஒரு சந்தைக்காரம்மா வாங்கிட்டுப் போனாங்க. மக நர்ஸ் பட்டம் வாங்குற விழாவுக்குப் போடணுமாம். 'பொறந்ததுலேர்ந்து அடுத்தவங்க போட்டதையே போட்டுட்டேன் மேடம், ஒரு நாளாவது யாருமே போடாத துணி போடணும்'னு சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. வர்ற சனிக்கிழமைதானே விழா? அதுக்குள்ள போட்டுக் கழிச்சிட்டாங்களா?"

லுயாண்டோவின் கை தானாக இடுப்புக்கு, மடித்துத் தைத்திருந்த இடத்துக்குப் போனது.

"இல்ல மேடம். இதை நான்தான் முதமுதல்ல போடறேன்."