கருவேப்பிலை போடாத ஸ்பகெட்டி

“அந்தக் கருவேப்பிலையைத் தூக்கி வெளிய போடுங்கன்னேன்ல! கண்ணுல பட்டாலே தீபன் தட்டைத் தள்ளிடுவான்.”

திலகா போட்ட சத்தத்தில் நல்லசாமி கையிலிருந்த கொத்தைக் கொல்லைப் பக்கம் வீசினார்.

“ஒரு கொத்து போட்டா நம்ம வீட்டு வாசம் வருமேன்னு பார்த்தேன்.”

“அவன்கிட்ட பேச்சு வாங்குனது நீங்களா, நானா?”

நல்லசாமி பேச்சை விட்டுப் பூண்டை உரிக்க உட்கார்ந்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

அவர்கள் மகன் தீபன் இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்து உணவகம் ஒன்றில், ஆறு வருடம் அடுப்படியில் வெந்தவன். போன வருடம் மலேசியாவுக்கு, கோல சிலாங்கூர் வீட்டுக்கு லீவில் வந்தபோது, பிள்ளை ஆசைப்படுவானே என்று திலகா ஸ்பகெட்டி செய்து வைத்தாள். டின் மீன், வெங்காயம், தக்காளி சாஸ், தாளிக்கக் கருவேப்பிலை.

“இதை இத்தாலிக்காரன் பார்த்தான்னா அழுதுருவான்மா,” என்று தட்டைத் தள்ளினான் தீபன்.

“அப்ப இனிமே என் கையால சாப்பிடாத!” என்றாள் திலகா.

தாய்க்கும் பிள்ளைக்கும் ரோஷத்தில் குறைச்சலில்லை. சாப்பிடாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு போன் செய்ததெல்லாம் தங்கச்சி தனேஸ்வரிக்குத்தான். மூன்று மாதமாக அதுவும் இல்லை.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வருடம் முழுக்க நெஞ்சு வெந்தவள் திலகா. இன்றைக்கு அவன் ஒரு வாய் சாப்பிட்டால் போதும், தான் சொன்ன சொல் செத்துப்போகும் என்று நம்பினாள்.

விடிந்ததும் நல்லசாமி மோட்டார் சைக்கிளில் பாசிர் பெனாம்பாங் படகுத்துறைக்குப் போய் லாலா வாங்கி வந்திருந்தார். சிப்பிகள் உப்புத்தண்ணீரில் வாயைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தன.

“டின்ல உள்ளதை இத்தாலிக்காரன் தொட மாட்டான், அன்னிக்குக் கடல்ல வந்ததைத்தான் சமைப்பான்னு அண்ணன் எழுதியிருக்கு,” தனேஸ்வரி போனில் அவனுடைய பழைய மெசேஜைப் பார்த்துப் படித்தாள். “மா, பூண்டு கருகக் கூடாது. ஆலிவ் ஆயில் மட்டும்தான். சீஸ் தூவுனா ஃபெயில் லா!”

திலகா சொன்னபடியெல்லாம் கேட்டாள். மஞ்சள் இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, வெங்காயம்கூட இல்லை. ஊருக்கே சமைத்துப்போட்ட கை, புது மருமகள் கை மாதிரித் தடுமாறியது.

தனேஸ்வரி கரண்டியில் ஒரு இழையை எடுத்தாள். “உப்புப் பார்க்கிறேன்மா.”

பட்டென்று கையில் அடி விழுந்தது. “அவன் சாப்பிடறதுக்கு முன்ன யாரும் வாய் வைக்கக் கூடாது!”

“லாலாவுலயே உப்பு இருக்கும்மா. ஜாஸ்தியாயிட்டா?”

“இருந்தா இருக்கட்டும்.”

நடுவீட்டில் அவனுக்கென்று எடுத்த நீலச் சட்டை, உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் ஒரு கிளாஸ் நிறைய, ரோஜா சிரப்பில் பால் கலந்த பண்டோங். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அதுதான் உயிர்.

மணி பன்னிரண்டானது. நல்லசாமி குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

“ஆறிடப் போவுது, கொண்டு போய் வைங்க. நல்லா கூப்பிடுங்க,” என்றாள் திலகா. அவளுக்கு வெளியே போய் நிற்கத் தைரியமில்லை. இன்னமும் கோபமாக இருந்தானென்றால்?

“தீபா… வாய்யா. அம்மா நீ சொன்ன மாதிரியே செஞ்சிருக்கா, வந்து சாப்பிடுய்யா.” வெளியே நல்லசாமியின் குரல் மூன்று தரம் கேட்டது. பிறகு அடங்கிவிட்டது.

திலகா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். கடிகாரத்தில் அரைமணி நேரம் போயிருந்தது.

நல்லசாமி உள்ளே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“சாப்பிட்டானா?”

அவர் கதவைச் சாத்தினார்.

“காக்கா எடுக்கலை, திலகா.”