இரண்டாவது பக்கம்

இன்றைக்கும் அவன் வந்து நிற்பான். பட்டியல் ஒட்டுகிற நாளில் ஒரு வருடம்கூட அவன் தவறியதில்லை.

மார்லிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். மார்ச் மாதத்து மைதானத்தில் பனி அங்கங்கே அழுக்காகக் கிடந்தது. இடப்பக்க வேலியோரம் யாரும் இல்லை. அவள் பார்வை என்னவோ அங்கேதான் போய் நின்றது.

மேஜைமேல் டிரென்ட் வைத்த காகிதம் இருந்தது. பள்ளியின் பேஸ்பால் அணிக்குத் தேர்வான பதினாறு பெயர்கள். விளையாட்டுப் பொறுப்பாளர் என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால், மூன்று மணிக்கு அது ஜிம் கதவில் ஏறிவிடும்.

"கேலப் ரட் பேரைக் காணோமே, கோச்" என்றாள்.

"நான் எழுதல. அப்புறம் எப்படி இருக்கும்?"

டிரென்ட் இந்த வருடம்தான் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். குரலை உயர்த்தாமல் விளக்கினார். கேலப் மூன்று வருடமாக அணியில் இருக்கிறான், முக்கால்வாசி நாள் பெஞ்சில்தான். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. களத்தில் இறங்கும் ஒன்பது பேரில் அவன் வரப்போவதில்லை. அந்த இடத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பையனை வைத்தால், இன்னும் இரண்டு வருடத்தில் தேறிவிடுவான். அதனால் கேலப்போடு சேர்த்து மூத்த பையன்கள் நான்கு பேர் வெளியே. பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள்.

"பெஞ்சைத் தேய்க்கிறதுக்குப் பதினெட்டு வயசுப் பையன் எதுக்கு? ஒரு பழைய துணி போதும்."

அவள் சிரிக்கவில்லை. "போன வாரம் அவனா வந்து மைதானத்துல பனியை வாரிக் கொட்டினான். நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன். நல்ல பையன்தான். நல்ல பையன்னு ஒரு இடம் இந்த ஆட்டத்துல கிடையாதே."

அவர் சொன்னதில் முழுத் தப்பு என்று எதையும் எடுத்துக் காட்ட முடியவில்லை. அதுதான் அவளைத் தின்றது. பத்தாம் வகுப்புப் பையனும் காத்திருக்கிறவன்தான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

ஆனால் வேலியோரத்து அந்தப் பையன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மார்லிஸ் இதே அறையில் எழுத்தர். பட்டியலைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டுவது அவள் வேலை. அந்த வருடமும் மூத்தவர்களைக் கழித்துக்கட்டினார்கள். எல்லாரும் கலைந்து போகும்வரை ஒருவன் காத்திருந்தான். பெயர்கள்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தான். காகிதத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தான். பிறகு அவள் மேஜைக்கு வந்தான்.

"ரெண்டாவது பக்கம் எங்க இருக்கு, மிஸ்?"

இல்லை என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளோ இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டாள். அவன் போன பிறகும் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த வசந்தம் முழுக்க, பயிற்சி நேரத்தில் அவன் வேலிக்கு வெளியே வந்து நின்றான். கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு. உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசி ஆட்டத்தன்று பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் தத்தம் அம்மாவின் கையைப் பிடித்து மைதானத்துக்குள் நடத்திவந்து பூக்கொடுப்பது வழக்கம். அன்றைக்கு அவனுடைய அம்மா தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் அவன் பக்கத்தில் நின்றாள். வேலிக்கு வெளியேதான்.

கோடையில் அவன் ஊரைவிட்டுப் போனான். மார்லிஸின் கண்ணில் மட்டும் வேலியோரத்தை விட்டு அவன் போகவே இல்லை.

"ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க" என்றார் டிரென்ட். "அப்புறம் மறந்துடுவாங்க. இதனால யாரும் செத்துப் போனதில்ல."

எப்படி இந்த மனிதரால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறது என்று அவள் யோசித்தாள்.

அவர் எழுந்துபோய், அறையை இரண்டாகத் தடுத்திருந்த கம்பி வலை முன்னால் நின்றார். அந்தப் பக்கம் பேட்டுகளும் தலைக்கவசங்களும் பூட்டிக் கிடந்தன. வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, உள்ளே பார்த்தபடியே பேசினார். எந்த அப்பா அம்மா சண்டைக்கு வந்தாலும் தன்னிடம் அனுப்பிவிடலாம், அவளுக்கு ஒரு தொல்லையும் வராது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது.

வெளியே நடைவழியில் பையன்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். யாரோ கேலப்பின் ஷூவைப் பார்த்து, அது அவன் தாத்தா போட்டு விளையாடியதா என்று கேட்க, கேலப்பே எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். உறுதியாகப் பெயர் வரும் என்று நம்புகிறவனின் சிரிப்பு.

மார்லிஸ் பேனாவைத் திறந்தாள். வலைக்கண்களில் மாட்டியிருந்த அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா முனை காகிதத்தில் படவில்லை.

பிறகு பேனாவை மூடினாள். காகிதத்தை மேஜையின் மறுபக்கத்துக்கு மெதுவாகத் தள்ளினாள்.

"என்ன ஆச்சு?" என்று திரும்பினார் டிரென்ட்.

"ரெண்டாவது பக்கத்தையும் எழுதிட்டு வா, டிரென்ட். அன்னைக்கு நீ என்கிட்ட வந்து கேட்டியே, அது."