எட்டுக் கையெழுத்து

நேரில் பார்க்காததற்கெல்லாம் கையெழுத்துப் போட்டே பதவி உயர்வு பெற்ற கண்காணிப்பாளர், ஓய்வுக்குப் பிறகும் பழக்கத்தை விடவில்லை. மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்றி, தினமும் நடக்கிறாளா என்று குறிக்க மருத்துவமனை ஓர் அட்டை கொடுத்திருந்தது.

"நடக்கலேன்னா ரத்தம் கட்டிக்குமாமேங்க?"

"வலிக்குதுன்னு அழுறே. பேசாம படு. டாக்டருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எட்டு நாள் தொடர்ந்து அட்டையில் 'இருபது அடி நடந்தார்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஒன்பதாம் நாள், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை, கட்டிலருகே இருந்த அவளுடைய வாக்கர் இருபது அடி தள்ளிக் கூடத்தில் நின்றது. எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். இப்படியே எட்டுக் காலை.

ஒன்பதாம் காலை அது அசையவில்லை. அட்டையின் மீதிக் கட்டங்களிலெல்லாம் கையெழுத்திட்டுவிட்டு, வெறுங்கட்டிலைப் பார்த்துச் சொன்னார்: "எழுந்து கொஞ்சம் நடேன்."