விட்டுப்போன பேர்

கிட்ட வந்து உட்காருங்கள். இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

நைஜர் ஆற்றங்கரைக் கோலெனி ஊரில் செரிபா தன் மகன் ஆதாமாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஆடு அடித்து ஊரையே கூட்டியிருந்தார். ஆனால் ஆட்டுக்காகவா சனம் வந்தது? பாட்டுக்கு வந்தது.

வம்சம் பாடுகிறவரை அங்கே ஜெலி என்பார்கள். செரிபா வீட்டு ஜெலி பாகாரி. அவர் கோரா என்கிற யாழை மடியில் வைத்து நரம்பைத் தட்டினால், செரிபாவின் முன்னோர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து வருவார்கள். கடைசியில் குதிரைப்படைத் தலைவர் தான்கோரோ வருவார். எரிகிற ஊர்க் கதவு வழியே அவர் குதிரையில் நுழைகிற இடம் வந்தால், செரிபாவின் கழுத்து தானாக உயரும்.

அன்றைக்கும் பாட்டு நன்றாகத்தான் போனது. அப்பா, தாத்தா, பாட்டன், பூட்டன் என்று ஏறிக்கொண்டே போன பாகாரி, தான்கோரோவுக்கு ஒரு படி கீழே நரம்பிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

சபை காத்திருந்தது. அவர் இருமினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மணமக்களை வாழ்த்தி முடித்துவிட்டார்.

"என்னய்யா, ஏணியில பாதியிலயே நின்னுட்டீரு?" என்று கேட்டான் ஸான். செரிபா குடும்பத்துக்கு அவன் கேலி முறைக்காரன். அவன் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. "பயறு தின்னிங்க வீட்டுப் பாட்டாச்சே, தொண்டையில அடைச்சிருக்கும். பெரியவரு எங்க?"

"மறந்துபோச்சு" என்றார் பாகாரி.

சிரிப்பு நின்றது. சமைக்கிறவள் உப்பை மறக்கலாம். பேரை மறந்தவன் ஜெலியே இல்லை.

செரிபாவுக்கு முகம் கறுத்துவிட்டது. தானே எழுந்து சொல்லவும் வழியில்லை. சபையில் முன்னோர் பேரை எடுக்க ஜெலிக்குத்தான் உரிமை. தன் வம்சப் பெருமையைத் தன் வாயால் பேசுகிறவனைக் கோலெனியில் யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் பாகாரியைத் தானியக் குதிருக்குப் பின்னால் மடக்கினார்.

"பொண்ணு வீட்டுல என்ன குடுத்தாங்க?" எப்போதும் வாய் நிறையச் சொல்லுகிற 'அண்ணே' காணாமல் போயிருந்தது.

"எதுக்கு?"

"என்னைச் சின்னவனாக்குறதுக்கு. பாட்டுக்கு முன்னாடி பொண்ணோட அத்தைகூட உட்கார்ந்து மூணு சுத்து டீ குடிச்சீங்களே. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"விருந்தாளிகிட்ட ஊரு, குலம் விசாரிக்காம ஜெலி வாயைத் திறக்கக் கூடாது. விசாரிச்சேன்."

"விசாரிக்கிறதெல்லாம் ஞாபகம் இருக்கு. தான்கோரோ மட்டும் ஞாபகம் இல்லை."

பாகாரி கோராவைத் துணியில் சுற்றினார்.

"உங்க அப்பா எங்க அப்பாவுக்குப் பாடினாரு. அந்த உறவு இன்னையோட சரி. பக்கத்து ஊரு ஜெலி லாமினுக்கு ஆள் அனுப்பிட்டேன். நாளைக்குப் பொண்ணு வீட்டார் கிளம்புறதுக்குள்ள வந்து முழுசா பாடுவான்."

"சரி" என்று கோராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பாகாரி நடந்துவிட்டார்.

மறுநாள் காலை, பெண்ணின் அத்தை நியேலே கம்பங்கஞ்சியோடு வந்து செரிபாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கும் ஒரு சுரைக்குடுவை நீட்டினாள்.

"உங்க ஜெலி நல்ல மனுஷன், சம்பந்தி."

"பேரை மறக்கிறவனா?"

"மறந்தா மறக்கட்டுமே. சண்டை, ரத்தம்னு பாடாம விட்டாரே. எங்க அக்கா கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டு ஜெலி ஒரு பேரைப் பாடிட்டான். தண்ணிகூடக் குடிக்காம பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அக்கா இன்னைக்கும் தனியாத்தான் இருக்கா."

"அப்படி என்ன பேரு?"

"நாங்க அதை வாயால சொல்றதில்லை. எங்க பூர்வீக ஊரு சிமினாவோட கதவைக் கொளுத்தினவன். உள்ள இருந்த சனத்தோட. அவன் பேரைப் பாடுற வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டோம்னு எங்க பெரியவங்க மண்ணைத் தொட்டு சத்தியம் பண்ணியிருக்காங்க. உங்க ஜெலி பூர்வீகம் கேட்டப்போ அவர்கிட்டயும் சொன்னேன். டீயைக் கீழ வச்சுட்டுக் கேட்டுக்கிட்டாரு."

செரிபா கஞ்சியைக் கீழே வைத்தார். சிமினாவின் கதவு. பாட்டில் அந்த இடத்துக்குத்தானே இத்தனை வருஷமாகக் கழுத்தை உயர்த்திக்கொண்டிருந்தார்.

உள்ளே புதுப்பெண் ஸிரா எதற்கோ சிரித்தாள். ஆதாமாவும் கூடச் சிரித்தான்.

"இன்னொரு ஜெலி வர்றாராமே" என்றாள் நியேலே. "அவர் பாட்டையும் கேட்டுட்டே கிளம்புறோம்."

செரிபா செருப்பைக்கூட மாட்டவில்லை. மன்னிப்புக் கேட்க வைக்கிற கோலாக் கொட்டைகளைக் கையில் கிடைத்தவரை அள்ளிக்கொண்டு பாகாரி வீட்டுக்கு ஓடினார்.

பாகாரி வாசலில் உட்கார்ந்து கோராவுக்கு நரம்பு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் காலில் முழங்கால் வரை செம்மண் ஏறியிருந்தது.

கோலாக் கொட்டைகளை அவர் முன்னால் வைத்துவிட்டு செரிபா தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ பெருமையை விடுவியா, கல்யாணத்தை விடுவியான்னு எனக்குத் தெரியலை தம்பி."

செரிபா தலை குனிந்தார். உடனே பதறி நிமிர்ந்தார்.

"லாமின் வந்துடுவானே அண்ணே. ஒரு பேர் விடாம பாடணும்னு சொல்லி அனுப்பியிருக்கேனே."

பாகாரி ஒரு கோலாக் கொட்டையை இரண்டாகப் பிளந்து, பாதியை அவரிடம் நீட்டினார்.

"வரட்டும். விடியறதுக்குள்ள அவன் ஊருக்கு நடந்து போய்ட்டு வந்துட்டேன். அவனுக்கும் மறந்துபோச்சு."