பிரிக்காத பெட்டிகள்

மகளின் மெத்தைக்கடியில் பதினொரு சிகரெட் பெட்டிகள் இருந்தன. அம்மாவுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"பதினாறு வயசுப் பிள்ளைக்கு எவன்டி வித்தான்?"

"கடையில வயசு கேட்டுத் துரத்திட்டாங்க. மாடி வீட்டுக் காலேஜ் அக்காகிட்ட கெஞ்சி வாங்கினேன்."

"அப்பா போய் ஒரு வருஷம் ஆகலை. அதுக்குள்ள உனக்குப் புகை கேக்குதா? தீப்பெட்டியும் நானே வாங்கித் தரட்டுமா?"

"ஒண்ணையாவது பிரிச்சிருக்கேனா, பாரும்மா."

பார்த்தாள். மேலிருந்த கண்ணாடித்தாள்கூடக் கிழியவில்லை.

"பின்னே எதுக்குடி?"

"பெட்டி மேல இருக்கிற எச்சரிக்கைப் படத்தை அடுத்த மாசம் மாத்துறாங்களாம், அம்மா."

அம்மா ஒரு பெட்டியைத் திருப்பினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தொண்டையில் குழாயோடு அவள் கணவர். 'நம்ம பொண்ணு வயசுப் பிள்ளைங்க பார்க்கட்டும்' என்று எழுதிக் காட்டிவிட்டு, அவரே சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படம்.

பத்துப் பெட்டிகளை எடுத்த இடத்திலேயே அடுக்கினாள். ஒன்றைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.