ஏழாவது கை

ஊராட்சி மன்றத்தில் தலைவரையும் சேர்த்து உறுப்பினர்கள் ஆறு பேர்தான். ஆனால் ஓட்டெடுப்பில் உயரும் கைகளைக் கூட்டினால் ஏழு வரும். தேடிப்பார்த்தால் ஆளுக்கு ஒரு கைதான் தூக்கியிருப்பார்கள். பதினெட்டு வருஷமாகச் செயலாளர் அம்மாவும் ஏழு என்றே பதிவேட்டில் எழுதிவருகிறார்.

"யாரா இருந்தா என்ன, ஒரு கூட்டத்துக்குக்கூட லீவு போட்டதில்லையே!" என்பார் தலைவர்.

அன்று பெரிய விஷயம். ஊரைப் பக்கத்து நகரத்தோடு இணைப்பதா, வேண்டாமா?

"சேர்ந்துட்டா நம்ம ஊர் பேரே இருக்காதுங்க," என்றார் தலைவர்.

"பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? குழாய்ல தண்ணி வருமே!" என்றார் உறுப்பினரான மளிகைக்கடைக்காரர்.

இணைக்கலாம் என்று மூன்று கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்று நான்கு.

"அப்பாடா, ஊர் தப்பிச்சுது!" என்று தலைவர் சிரித்தார். தோற்றுப்போன மளிகைக்கடைக்காரரே முணுமுணுத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

அவர்கள் போனபிறகு செயலாளர் நிறைந்த மனதோடு ஜன்னல்களைச் சாத்தினார். சாவியை எடுத்தவர், பழக்கதோஷத்தில் காலி நாற்காலிகளைப் பார்த்து, "அப்ப பூட்டிரலாமா?" என்று கேட்டார்.

ஒரு கை உயர்ந்தது.

'ஏகமனதாக நிறைவேறியது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, அவர் நிதானமாகக் கதவைப் பூட்டினார்.