சொன்னதைக் கட்டும் இழை

கல்லீரலில் குடியிருந்த ஒரு செல், தனக்குள்ளே தூணாக நின்று தாங்கிய புரத இழையைக் கூப்பிட்டு, "தூணையெல்லாம் பிரிச்சு எனக்கு நாலு கால் கட்டு" என்றது.

இழை உடனே வேலையை ஆரம்பித்தது. பக்கத்துச் செல் பதறியது. "இதுக்குக் கால் எதுக்குப்பா? கேட்டியா?"

"கேள்வி கேக்குறது நம்ம பழக்கமில்லீங்க" என்றது இழை.

கால் முளைத்த செல் ரத்தக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே, "என்னை ரெண்டாப் பிரி" என்றது. இழை பிரித்தது. "மறுபடியும்" என்றது. அதுவும் ஆயிற்று. பிரிந்த செல்லெல்லாம் புற்றுக்கட்டியாக வளர்ந்து நுரையீரலுக்கே மூச்சு முட்டியது.

ஒருநாள் மருந்து வந்தது. செல்லை ஏறிட்டும் பார்க்காமல், நேரே போய் இழையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது.

இழை பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டது. "என்னை எதுக்குங்க பிடிக்கிறீங்க?"

"கேள்வி கேக்குறது நம்ம பழக்கமில்லீங்க" என்றது மருந்து.